பிளேட்லெட்டைக் கேட்கிறோம், ஈரலைக் கேட்பதில்லை

டிசம்பர் மழை ஓய்ந்து ஜனவரி பிறந்துவிட்டால் கல்முனையில் நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் ஒரே பேச்சுத்தான். "மகளுக்குக் காச்சல், டெங்காம்" என்று ஒருவர் சொல்லி முடிக்கும் முன்பே மற்றவர் கேட்பார்: "பிளேட்லெட் எவ்வளவாம்?" பள்ளிவாசல் முற்றத்திலும் அதுதான், சந்தையிலும் அதுதான், குடும்ப வாட்ஸ்அப் குழுமத்திலும் அதுதான். எண்பதாயிரம் என்றால் முகம் வாடும். நாற்பதாயிரம் என்றால் இரத்தம் கொடுக்க ஆள் தேடத் தொடங்கிவிடுவோம்.

கேட்பதில் பிழையில்லை. பிளேட்லெட் இறங்குவது நோய் எந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறது என்று காட்டுகிற முக்கியமான குறி. ஆனால் பல வருடமாக பாமசி கவுண்டரில் நிற்கிற எனக்கு ஒரு கவலை உண்டு. அதே நோயாளியின் கோப்புக்குள் இன்னொரு தாளும் இருக்கிறது. அதில் ஈரலின் கணக்கு எழுதியிருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பிளேட்லெட்டை நம் கையால் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. ஈரல் அப்படியல்ல. காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நாளில் வீட்டில் நாம் என்ன கொடுக்கிறோம், என்ன கொடுக்காமல் விடுகிறோம் என்பது ஈரலைத் தொடுகிறது. அதைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் காய்ச்சல்காரர் இருந்தால் முழுவதையும் வாசியுங்கள்.

முதலில் அந்தத் தாளைப் பார்ப்போம். அதில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்று இரண்டு வரி இருக்கும். சில லேப்களில் பழைய வழக்கப்படி எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று அடித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். இவை ஈரல் கலங்களுக்குள் இருக்கிற நொதிகள். கலம் அடிபட்டால் இவை கசிந்து இரத்தத்துக்கு வரும். சுகமாக இருக்கிறவருக்கு ஏறக்குறைய 40க்குள் இருக்கும். டெங்கு வந்தவருக்கு 100, 200 என்று போவது வெகு சாதாரணம். தாய்வானில் 270 டெங்கு நோயாளிகளைப் பார்த்து 1992இல் வெளியிட்ட ஆய்வில் 100க்கு 93 பேருக்கு ஏ.எஸ்.டி. கூடியிருந்தது. ஏ.எல்.டி. 100க்கு 82 பேருக்குக் கூடியிருந்தது. அதாவது டெங்கு என்றாலே ஈரலும் கொஞ்சம் அடிபடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலும் உடம்பு நோவும் போல அதுவும் நோயின் ஒரு பகுதி.

பயப்படத் தேவையில்லாத பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரேசிலில் 1,585 நோயாளிகளின் அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பத்து மடங்குக்கு மேல் நொதி ஏறியவர்கள் 100க்கு 4 பேருக்கும் குறைவு. பெரும்பாலானோருக்கு ஏறியது தானாகவே இறங்கிவிடும். ஈரலைப் போல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் உறுப்பு உடம்பில் வேறு இல்லை. ஆனால் அந்த 4 பேருக்குள் சிலருக்கு ஏ.எஸ்.டி. ஆயிரத்தைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வகைப்படுத்தலில், ஏ.எஸ்.டி. அல்லது ஏ.எல்.டி. 1000ஐ எட்டினால் அது ஒன்றே போதும், அந்த நோயாளி கடும் டெங்கு என்ற வகுப்புக்குள் வந்துவிடுவார். பிளேட்லெட் எண்ணிக்கைக்கு அந்த இடம் கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏ.எஸ்.டி. ஏன் ஏ.எல்.டி.யை விடக் கூடுதலாக ஏறுகிறது என்று ஒரு ராத்தா கேட்டார், மகனின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு. நல்ல கேள்வி. மற்ற வைரஸ் ஈரல் அழற்சிகளில், மஞ்சட்காமாலை என்று நாம் சொல்கிற ஹெப்படைட்டிஸ் ஏ, பி போன்றவற்றில், வழக்கமாக ஏ.எல்.டி.தான் முந்தும். டெங்கில் இது தலைகீழாக இருக்கும். காரணம், ஏ.எஸ்.டி. ஈரலில் மட்டுமில்லை, தசையிலும் இருக்கிறது. டெங்குக் காய்ச்சலில் எலும்பு முறிகிற மாதிரி உடம்பு நோகிறதே, அப்போது தசையும் அடிபடுகிறது. அங்கிருந்து வருவதும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் வைத்தியர் ஏ.எஸ்.டி.யை மட்டும் பார்த்து முடிவெடுக்க மாட்டார். இரண்டையும் சேர்த்து, நாளுக்கு நாள் எப்படிப் போகிறது என்று பார்ப்பார்.

நம் நாட்டிலேயே இதை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் நீலிகா மலவிகே, அங்கொடை தொற்றுநோய் வைத்தியசாலையின் வைத்தியர் ஆனந்த விஜேவிக்ரம ஆகியோர் சேர்ந்த குழு, வளர்ந்த 55 நோயாளிகளின் இரத்தத்தைத் தொடர்ந்து எடுத்து 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஏ.எஸ்.டி. உச்சத்துக்குப் போனது காய்ச்சலின் ஆறாம் நாளில். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறொன்று. இரத்த அழுத்தம் விழாமல், நாடி குறையாமல், ஷொக் நிலைக்கே போகாத சிலருக்கும் ஏ.எஸ்.டி. 1000ஐத் தாண்டியிருந்தது. இரத்த ஓட்டம் குறைந்தால்தான் ஈரல் அடிபடும் என்று முன்பு பலர் நினைத்தார்கள். அது மட்டுமே காரணமில்லை என்று அங்கொடையில் இருந்தே தெரியவந்தது.

அப்படியானால் என்ன காரணங்கள்? வைரஸ் ஈரல் கலங்களுக்குள் நேரடியாகப் போகிறது. அங்கே காவல் நிற்கிற குப்ஃபர் கலங்களையும் பிடிக்கிறது. அதை விரட்ட நம் எதிர்ப்புச் சக்தி கொட்டுகிற இரசாயனங்கள் ஈரலையும் சேர்த்துச் சுடுகின்றன. மூன்றாவது, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழுகிற நோயாளிக்கு ஈரலுக்குப் போகிற இரத்தமும் ஒட்சிசனும் குறைந்துவிடும். அது நீண்ட நேரம் நீடித்தால் ஆயிரக்கணக்கில் நொதி ஏறும். இந்த மூன்றில் முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவது, ஆஸ்பத்திரிக்கு எப்போது போகிறோம் என்பதைப் பொறுத்தது. இன்னும் ஒரு காரணம் இருக்கிறது, நாலாவது. அது முழுக்க முழுக்க நம் கையில். அது குளிசை.

பெனடோலைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் காய்ச்சலைப் பற்றிப் பேச முடியாது. எந்த வீட்டு அலுமாரியிலும் ஒரு கார்ட் இருக்கும். தலையிடிக்கும் அதுதான், வயல் வேலை செய்து வந்த மேல் நோவுக்கும் அதுதான். அளவோடு போட்டால் நல்ல மருந்து, டெங்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கக்கூடிய ஒரே காய்ச்சல் மருந்தும் அதுதான். அதனால் பெனடோலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளவு என்கிற சொல்லை அழுத்திச் சொல்கிறேன்.

பெனடோலில் இருக்கிற மருந்தின் பெயர் பெரசிட்டமோல். அதை ஈரல்தான் உடைக்கிறது. உடைக்கும்போது ஒரு சிறு பங்கு நச்சாக மாறும். ஈரலில் குளுட்டத்தயோன் என்றொரு பொருள் இருக்கிறது. அது அந்த நச்சைப் பிடித்து வெளியே அனுப்பிவிடும். சுகமாகச் சாப்பிட்டு இருக்கிறவருக்கு அது போதிய அளவு ஊறிக்கொண்டே இருக்கும். மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடாமல், சத்தி எடுத்து, காய்ச்சலில் கொதித்துக் கிடக்கிறவருக்கு ஊறுவது குறைந்துவிடும். நம் வளவுக் கிணறு மாதிரித்தான். ஓகஸ்ட் வெயிலில் ஊற்று மெலிந்திருக்கும்போது மோட்டர் போட்டு இறைத்தால் சேறுதான் வரும். ஏற்கெனவே வைரஸ் தாக்கியிருக்கிற ஈரலுக்கு, ஊற்று மெலிந்த நேரத்தில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போட வேண்டிய குளிசையை மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இலங்கையின் தேசிய வழிகாட்டி சொல்வது இதுதான்: வளர்ந்தவருக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு குளிசைக்கு மேல் வேண்டாம், நிறை குறைந்தவருக்கு அதையும் குறைக்க வேண்டும். கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். ஒரு தடவைக்கு ஒரு கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 40 கிலோ உள்ள மெலிந்த பெண்ணுக்கு அது 600 மில்லிகிராம். ஒரு பெனடோல் 500. ஆக அவருக்கு ஒன்று போதும். "பெரிய ஆள்தானே, ரெண்டு போடுங்க" என்று கொடுத்தால் அளவு மீறிப் போகிறது. பிள்ளைகளுக்கு வயதைச் சொல்லி சிரப் வாங்காதீர்கள், நிறையைச் சொல்லி வாங்குங்கள். நிறுக்காமல் வந்தால் நாங்களும் நிறுத்துத்தான் சொல்ல வேண்டும். அதற்கு நேரமெடுத்தால் கோபிக்க வேண்டாம்.

போன வருட மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சாய்ந்தமருதுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே, "காக்கா, பெனடோல் ரெண்டு கார்ட் தாங்க" என்றார்.

"ஆருக்குத் தம்பி?"

"உம்மாக்கு. மூணு நாளாக் காச்சல். விட்டுட்டு விட்டுட்டு வருகுது. பெனடோல் போட்டாக் குறையுது, பொறகு ஏறுது."

"எத்தின மணிக்கொருக்காப் போடுறீங்க?"

"காச்சல் ஏறினா ஒடனே போடுறம்."

"வேற ஏதும் குடுக்கிறீங்களா?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். வேறெங்கோ வாங்கியது. உள்ளே இரண்டு வகைக் குளிசை. ஒன்று தடிமனுக்குக் கொடுக்கிற கலப்புக் குளிசை, அதற்குள்ளும் பெரசிட்டமோல் இருக்கிறது. மற்றது டைக்ளோஃபெனக். உடம்பு நோகிறது என்று சொன்னதற்கு யாரோ கொடுத்திருக்கிறார்கள். அந்த உம்மாவுக்கு நீரிழிவும் உண்டு என்று கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது.

நான் குளிசை கொடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பி, உம்மாவை ஏற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அந்தப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டச் சொன்னேன். போனார். பிளேட்லெட் எழுபதாயிரத்துக்குள் வந்திருந்தது, ஏ.எஸ்.டி. 700க்கு மேல். சில நாள் வார்டில் இருந்து சுகமாகி வந்தார், அல்ஹம்துலில்லாஹ். அந்த 700இல் வைரஸின் பங்கு எவ்வளவு, குளிசையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. அதனால்தான் நம் பங்கை நாம் பூச்சியமாக்க வேண்டும் என்கிறேன்.

டைக்ளோஃபெனக், மெஃபனாமிக் அசிட், புரூபன், அஸ்பிரின். இந்த நாலையும் காய்ச்சல் நேரத்தில் கிட்டவும் எடுக்காதீர்கள். வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கும், பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும், ஈரலுக்கும் நல்லதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று மலவாயிலில் வைக்கிற டைக்ளோஃபெனக் மருந்தைக் கேட்டு வருகிற உம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். காய்ச்சல் சட்டென்று இறங்குவது உண்மைதான். டெங்கு உள்ள பிள்ளைக்கு அதன் விலை மிகக் கூட. கேட்கிறவருக்கு எடுத்துக் கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன. துண்டில்லாமல் இதைக் கொடுக்கிற எவரையும் நான் மன்னிக்க மாட்டேன். நம் தொழிலுக்கே அது கேடு.

பெரசிட்டமோலைச் சரியான அளவில் போட்டாலும் டெங்கில் ஈரல் நொதி கூடுமா என்று தாய்லாந்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான அளவு பெரசிட்டமோல், மற்றப் பகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. எது யாருக்கு என்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. பெரசிட்டமோல் எடுத்தவர்களிடம் ஈரல் நொதி ஏறுவது கூடுதலாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 2019இல் லான்செட் குளோபல் ஹெல்த் சஞ்சிகையில் வந்தது. இதை வாசித்த பிறகு என் எண்ணம் கொஞ்சம் மாறியது. காய்ச்சல் 99, 100 என்று நின்றால் குளிசைக்கு அவசரப்பட வேண்டியதில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்து நெற்றி, கமக்கட்டு, கை, கால் துடைத்துவிடலாம். காற்றோட்டமாகப் படுக்க வைக்கலாம். தாங்க முடியாத சூடு, தாங்க முடியாத நோவு என்றால் கணக்காக ஒரு தடவை கொடுக்கலாம். காய்ச்சலைப் பூச்சியத்துக்கு இறக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம்.

குளிசை போட்ட நேரத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உம்மா ஒரு தடவை கொடுப்பார், தெரியாமல் சாச்சி ஒரு தடவை கொடுப்பார், இரவில் வாப்பா எழும்பி ஒரு தடவை கொடுப்பார். கூட்டுக் குடும்பத்தில் இது அடிக்கடி நடக்கிறது. அதே கொப்பியில் எவ்வளவு குடித்தார், எத்தனை தடவை சிறுநீர் போனார் என்றும் எழுதினால் வார்டில் அதைப் பார்த்து வைத்தியர் சந்தோஷப்படுவார்.

அடுத்தது பப்பாசி இலைச்சாறு. இதைப் பற்றி எழுதினால் எனக்குத் திட்டு விழும் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். பிளேட்லெட்டைக் கூட்டும் என்ற நம்பிக்கையில் இடித்துப் பிழிந்து கரண்டி கரண்டியாக ஊட்டுகிறோம். பிளேட்லெட் சற்று முந்தி ஏறியது என்று சொல்கிற சிறு ஆய்வுகள் இருக்கின்றன. உயிரைக் காக்கும் என்றோ ஷொக்கைத் தடுக்கும் என்றோ எவரும் நிறுவவில்லை. கசப்புத் தாங்காமல் பிள்ளை சத்தி எடுத்தால் குடித்த இளநீரும் கஞ்சியும் சேர்ந்து போய்விடும். அதுதான் என் முதல் ஆட்சேபம். இரண்டாவது, ஈரல் அடிபட்டிருக்கிற நேரத்தில் அளவு தெரியாத எந்தச் சாறும், எந்தக் கஷாயமும் அதற்கு மேலதிக வேலைதான். கீழ்காய்நெல்லி ஈரலுக்கு நல்லது என்று சொல்லிக் கொடுப்பதும் இதில் சேரும். ஓதின தண்ணீர் கொடுங்கள், துஆக் கேளுங்கள். அதோடு இளநீர், கஞ்சித் தண்ணீர், ஜீவனி, பழச்சாறு, சூப்பு கொடுங்கள். சிவப்பு, மண்ணிறப் பானங்கள் மட்டும் வேண்டாம். சத்தி எடுத்தால் அது இரத்தமா, சர்பத்தா என்று வைத்தியரால் பிரித்தறிய முடியாமல் போகும்.

இனி ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம். காய்ச்சலின் மூன்றாம் நாளில் எஃப்.பி.சி. என்கிற முழு இரத்தக் கல எண்ணிக்கைச் சோதனை எடுத்தே ஆக வேண்டும். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தால் வார்டில் இருக்க வேண்டும். கர்ப்பிணி, கைக்குழந்தை, பருமனானவர், நீரிழிவுக்காரர், ஈரலில் ஏற்கெனவே கொழுப்போ வேறு நோயோ உள்ளவர் என்றால் எண் விழும் வரை காத்திருக்க வேண்டாம். ஈரல் கொழுப்பு நம் பகுதியில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாற்பது தாண்டிய நம் ஆண்களில் பாதிப்பேர் வயிற்றைத் தடவிக்கொண்டு "கொஞ்சம் கொழுப்பு இரிக்காம்" என்பார்கள். அப்படிப்பட்டவர் டெங்கோடு வார்டுக்குப் போனால் அந்த ஸ்கேன் தாளையும் கொண்டுபோக வேண்டும்.

காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதை எல்லா மேடையிலும் சொல்லிவிட்டார்கள், ஆனாலும் காய்ச்சல் விட்டதும் வீட்டில் பிரியாணி சமைக்கிறோம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான் தொடங்கும். 24 இலிருந்து 48 மணித்தியாலம் வரை அது நீடிக்கும். அந்த நேரத்தில் சேலைன் எவ்வளவு போக வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 50 கிலோ உள்ளவருக்கு முழுக் கசிவுக் காலத்துக்கும் வாயால் குடிப்பதையும் சேர்த்து 4,600 மில்லிலீட்டர். குறைந்தால் ஷொக், ஈரலுக்கு இரத்தம் போகாது. கூடினால் நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் நீர் தேங்கி மூச்சு முட்டும். வெளியில் நின்று, "சேலைன் மெதுவா ஓடுது, கூட்டிவிடுங்க நேர்ஸ்" என்று சத்தம் போடுகிறோமே, அவர் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் எழுதுகிற அந்தப் பெரிய தாள் இந்தக் கணக்குத்தான். நம் வைத்தியர்களுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்ததில் பாங்கொக்கைச் சேர்ந்த வைத்தியர் சிரிபென் கலயனரூஜின் பங்கு பெரிது. நீர்கொழும்பு வைத்தியசாலையில் வைத்தியர் லக்குமார் பெர்னாண்டோ டெங்கு சிகிச்சைக்கென்றே ஒரு மையத்தை நடத்தி நாடு முழுவதும் பரப்பினார். 2017இல் 1,86,101 பேர் டெங்கு என்று பதிவான வருடத்தில், நானூறு சொச்சப் பேரோடு மரணம் நின்றதற்கு இந்தக் கணக்குத் தாள்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். அந்த நானூறு வீடுகளுக்கு இது ஆறுதலில்லை என்றும் தெரியும்.

ஈரல் மோசமாகிறது என்பதற்கு வெளியில் தெரிகிற அடையாளங்கள் உண்டு. வலது விலாவுக்குக் கீழே நோவு. நில்லாத சத்தி. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். இவை முதலில் வரும். பிறகு ஆள் மாறத் தொடங்குவார். நேரம் தப்பி நித்திரை கொள்வார், கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்ல மாட்டார், காரணமில்லாமல் எரிந்து விழுவார், பிள்ளையென்றால் அடங்காமல் அழும். "காச்சல் களைப்பு, படுக்கட்டும்" என்று விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். ஈரல் வேலை செய்யாவிட்டால் இரத்தத்தில் சீனி விழும், அமோனியா கூடும், இரண்டும் மூளையைத் தொடும். இந்த மாற்றத்தை வைத்தியரை விட முதலில் காண்பது பக்கத்தில் இருக்கிற உம்மாதான். உடனே சொல்ல வேண்டும்.

பிளேட்லெட் நாற்பதாயிரத்தில் ஒருவருக்கு ஒரு துளி இரத்தமும் கசியாது, இன்னொருவருக்கு எழுபதாயிரத்தில் மூக்கால் வடியும். ஏன்? இரத்தத்தை உறையவைக்கிற புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது ஈரல். ஈரல் அடிபட்டால் அவை குறையும். அப்போது பிளேட்லெட் எத்தனை பை ஏற்றினாலும் கசிவு நிற்காது. வைத்தியர் பி.டி., ஐ.என்.ஆர். என்று ஒரு சோதனைக்கு எழுதுவது இதற்காகத்தான். இரத்தம் வடியாத நோயாளிக்கு எண்ணைக் கண்டு பயந்து பிளேட்லெட் ஏற்றுவதால் பயனில்லை என்பது இப்போது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட விடயம். ஆகவே வைத்தியர் "வேண்டாம்" என்றால், "எங்கட ஆளுக்கு ஏத்துறாங்க இல்ல" என்று முகநூலில் எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "டொக்டர், ஈரல் ரிப்போர்ட் எப்படி? ஐ.என்.ஆர். பார்த்தீங்களா?" நேரமிருந்தால் அவர் விளக்குவார்.

ஈரல் முற்றாகக் கைவிடுகிற நிலை அரிது. வந்தால் அதற்கும் ஒரு மருந்து முயற்சி இருக்கிறது. பெரசிட்டமோல் நஞ்சு குடித்தவர்களுக்குக் கொடுக்கிற என்-அசிட்டைல்சிஸ்டீன், மேலே சொன்ன குளுட்டத்தயோனைத் திரும்ப ஊறச் செய்கிறது. டெங்கால் ஈரல் செயலிழந்த பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்த அனுபவத்தை நம் நாட்டுக் குழந்தை வைத்தியர்கள் 2013இல் இலங்கை மருத்துவ சஞ்சிகையில் எழுதியிருக்கிறார்கள். பெரிய அளவில் உறுதிசெய்யப்பட்ட சிகிச்சை இல்லை, ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வைத்தியர்கள் இதைக் கையில் எடுக்கிறார்கள்.

கண் மஞ்சளாகிவிட்டதா? டெங்கில் அது அவ்வளவு வருவதில்லை. சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களில் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு கண் மஞ்சளாகி, கெண்டைக்கால் நொந்து, சிறுநீர் குறைந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளம் வடிந்த பிறகு இரண்டும் ஒரே மாதத்தில் வரும். "டெங்குதான், எனக்குத் தெரியும்" என்று நாமே முடிவு கட்டாமல், வயலில் நின்றதையும் கிணற்றுத் தண்ணீர் குடித்ததையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு அன்டிபயோட்டிக் உண்டு. டெங்குக்கு இல்லை. பிந்தினால் நட்டம்.

நுளம்பைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை, பி.எச்.ஐ.மார் வீடு வீடாகச் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது நம் கரையோரத்துக்கு உரியது. நல்ல தண்ணீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும் என்று படித்திருக்கிறோம். பேராசிரியர்கள் ரஞ்சன் இராமசாமி, சுரேந்திரன், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வினோபாபா ஆகியோர் சேர்ந்த குழு மட்டக்களப்பு, யாழ்ப்பாணக் கரையோரங்களில் தேடி, உவர்த் தண்ணீரிலும் அதன் குடம்பிகளைக் கண்டு 2011இல் வெளியிட்டது. எங்கே கண்டார்கள் தெரியுமா? கைவிட்ட கிணறுகளில், கரையில் ஏற்றிவிட்ட பழைய தோணிகளில், எறிந்த போத்தல்களில். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை கரையோரம் நடந்து பாருங்கள், இந்த மூன்றும் இல்லாத இடம் உண்டா? சுனாமிக்குப் பிறகு ஆளில்லாமல் கிடக்கிற வளவுகளில் எத்தனை கிணறு மூடாமல் இருக்கிறது? தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் அம்பாறைக்கு ஒரு வரி, கல்முனைக்குத் தனியாக ஒரு வரி. நமக்கென்று ஒரு சுகாதாரப் பிராந்தியம் இருக்கிறது. அந்த வரியில் வருகிற எண் நம் கிணறுகளிலிருந்தும் தோணிகளிலிருந்தும்தான் வருகிறது. பழைய தோணியைக் கவிழ்த்துப் போட இரண்டு பேர் போதும்.

கடைசியாக, வீட்டுக்கு வந்த பிறகு. காய்ச்சல் விட்டு, பிளேட்லெட் ஏறி, துண்டு வெட்டி அனுப்பும்போது ஈரல் நொதி இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். அது இறங்க மூன்றிலிருந்து எட்டு வாரம் வரை எடுக்கலாம். அந்த நாட்களில் வருகிற களைப்புக்கும் வாய்க்கசப்புக்கும் சத்துக் குளிசை, ஈரல் டொனிக், நாட்டு மருந்து என்று அடுக்க வேண்டாம். சாதாரணச் சாப்பாடு, சிறிது சிறிதாகப் பல தடவை. பத்தியம் என்று முட்டையையும் மீனையும் நிறுத்தாதீர்கள், கலம் திருந்தப் புரதம் வேண்டும். மேல் நோவுக்குப் பெனடோலைத் தொடர வேண்டாம். கொலஸ்டரோல் குளிசை, காசநோய் மருந்து, வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் போன்றவற்றை எடுக்கிறவர்கள் அவற்றைத் தாமாக நிறுத்தவும் கூடாது, தாமாகத் தொடங்கவும் கூடாது. கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் வைத்தியரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

துண்டின் அடியில் திரும்ப இரத்தம் சோதிக்க ஒரு திகதி எழுதியிருப்பார்கள். சுகம்தானே என்று பெரும்பாலானோர் போவதில்லை. போங்கள். ஏ.எல்.டி. இறங்கியிருந்தால் அந்தத் தாளை வீட்டில் பத்திரமாக வையுங்கள், அடுத்த தடவை எந்த வைத்தியருக்கும் அது உதவும். எட்டு வாரம் கழிந்தும் இறங்காவிட்டால் டெங்குக்கு முன்பே அந்த ஈரலில் வேறு ஏதோ இருந்திருக்கலாம். ஹெப்படைட்டிஸ் பி, கொழுப்பு, நீண்ட நாளாக எடுத்த ஏதாவது மருந்து, எதுவென்று அப்போதே தேடிவிட வேண்டும்.